ஃபிரேம் கடைக்காரன் படிச்ச ஹீப்ரு

இல்ல சார், தண்ணி வேண்டாம். உங்க வீட்டுத் தண்ணியக் குடிச்சுட்டு உங்களையே நிக்க வெச்சுக் கேள்வி கேட்டா எனக்கே ஒரு மாதிரி இருக்கும். ஃபேன மட்டும் போடுங்க, போதும். மூணு மாடி, லிஃப்ட் இல்ல, மூச்சு வாங்குது. இந்த மூணு மாடியத்தான் அவ வாரத்துக்கு ரெண்டு தடவ ஏறி எறங்கறா. வீட்டுல மேல் ஷெல்ஃப்ல இருக்கற டப்பாவ எடுன்னா முட்டி வலிக்குதும்பா.

நான் யாருன்னு தெரியும்ல? ஆமா, மார்க்கெட் முக்குல ஃபிரேம் கடை, பின்னாடியே வீடு. உங்ககிட்ட ஹீப்ரு படிக்க வர்றாளே, அவ புருஷன். இன்னிக்கு அஞ்சு மணிக்கு அவளுக்கு கிளாஸ் இருக்கு, அதுவும் தெரியும். அதுக்கு முன்னாடி ரெண்டு வார்த்த பேசிட்டுப் போலாம்னு வந்தேன். சண்டைக்கு வரல. சண்டைக்கு வர்றவன் செருப்பக் கழட்டிட்டு வருவானா?

செருப்புன்னதும் ஞாபகம் வருது. வாசல்ல ரெண்டு ஜோடி கெடக்கே, ஒண்ணு உங்களுது. இன்னொண்ணு? ஓ, அதுவும் உங்களுதா. பாத்தேன், சைஸ் ஒண்ணுதான். சும்மா கேட்டேன்.

சரி, விஷயத்துக்கு வரேன். அந்த வேல நெஜமாவே இருக்கா சார்? அதான், அந்த பாஷ பேசற ஊர்ல இருக்கற முதியோர் இல்லம். வயசானவங்களக் குளிப்பாட்டி, சாப்பாடு ஊட்டி, மாத்திரை எடுத்துக் குடுக்கற வேல. நாலு வருஷம். பரிட்சை வெக்கறாங்க, பேசத் தெரிஞ்சாதான் சேத்துக்குவாங்க, லெட்டர் போட்டுக் கூப்பிடுவாங்கன்னு அவ சொல்றா. எனக்குன்னா இது எல்லாமே யாரோ ஒக்காந்து ஜோடிச்ச கத மாதிரியே படுது. உலகத்துல ஆளா கெடைக்காது? என் பொண்டாட்டியத்தான் தேடிட்டிருக்காங்களாமா?

இருக்கா. நீங்களே போன்ல பேசினீங்களா? சரி. நம்பறேன். நம்பாம என்ன பண்றது.

என்னப் பத்தி அவ என்ன சொல்லி வெச்சிருக்கா? ஒண்ணும் சொல்லலயா? அது எப்படி சார், எட்டு மாசமா வர்றா, ஒரு வார்த்த கூடவா சொல்லல? நல்லதா சொல்லாட்டிப் போகுது, திட்டியாவது இருக்கலாம்ல.

எனக்கு முதல்ல தெரிஞ்சது எப்படின்னு கேளுங்க. கடையில படத்தச் சுத்தி வெக்கற மவுண்ட் அட்டை வெட்டினா ஓரத்துல துண்டு துண்டா மிஞ்சும். அத ஒரு சாக்குல போட்டு வெப்பேன். அந்த சாக்கு கொறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. எலியா இருக்கும்னு பொறி வெச்சேன். அப்புறம் ஒரு நாள் சமையல்கட்டுல மாவு டப்பாவுக்குப் பின்னாடி கைய விட்டா, ரப்பர் பேண்டு போட்டு ஒரு கட்டு அட்டை. சீட்டுக்கட்டு மாதிரி ஒரே அளவா வெட்டியிருக்கா. அந்த வெட்டு எங்கிட்டயிருந்து கத்துக்கிட்டது, பிசிறே இல்ல. ஒரு பக்கம் கொக்கி கொக்கியா மூணு எழுத்து. திருப்பினா தமிழ் எழுத்துல நாலஞ்சு புரியாத வார்த்த, பக்கத்துல அர்த்தம்.

மாந்திரீகம்னு நெனச்சேன் சார். சிரிக்காதீங்க. மாவு டப்பாவுக்குப் பின்னாடி புரியாத எழுத்து இருந்தா நீங்க வேற என்ன நெனப்பீங்க?

அதுல முதல் அட்டை என்ன தெரியுமா? ஹவேர், நண்பன். அதுக்குக் கீழ ரெண்டு கோடு. எனக்கு எப்படி இருக்கும்? பக்கத்துத் தையல் கடை என் தங்கச்சியோடது. அவகிட்ட காட்டினேன், அதுதான் நான் பண்ணின முட்டாள்தனம். அண்ணே, நாப்பத்திநாலு வயசுல ஒரு பொம்பள எதுக்கு ரகசியமா பாஷ படிக்கணும், நீயே யோசிச்சுக்கன்னா. அவ்வளவுதான், அன்னிக்கு என் தலையில ஏறினது இன்னும் எறங்கல.

ஹவேர்னா சும்மா நண்பன் மட்டும் இல்லயாமே? பொண்ணுங்க சொன்னா வேற மாதிரி நண்பனையும் குறிக்குமாமே? பாத்தீங்களா, ஆமாங்கறீங்க. நோட்டுப் புத்தகமும் அதே வேர்லேந்துதான் வருது, மஹ்பெரெத், அதான் அதையும் அதே அட்டையில எழுதியிருக்கா, கோடு போட்டது நோட்டுக்குத்தான்னு சொல்றீங்க. இருக்கலாம். நீங்க வாத்தியார், எதையும் எதோடயும் முடிச்சுப் போட்டுடுவீங்க.

ஆமா, ஒரு நாள் அவ பின்னாடியே வந்தேன். மறைக்கல. எதிர்க்க ஜெராக்ஸ் கடை இருக்குல்ல, அங்க நின்னேன். நிக்கறதுக்கு ஒரு காரணம் வேணும்ல, கரண்ட் பில்ல பதினோரு காப்பி எடுத்தேன். அந்தக் கடைப் பையன் என்ன ஒரு மாதிரிப் பாத்தான். அஞ்சே காலுக்கு நீங்க இந்த ஜன்னல் திரைய இழுத்து மூடினீங்க. எதுக்கு மூடினீங்க? வெயிலா? மேற்கு ஜன்னல்தான். இப்பவும் என் கண்ணுல அடிக்குது. சரி, வெயில்னே வெச்சுக்குவோம். ஆனா அன்னிக்கு நான் ஜெராக்ஸ் கடையில நின்னு பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அப்புறம் யோசிச்சேன். பின்னாடி போறதுல பிரயோஜனம் இல்ல. இந்தப் பாஷ எனக்குத் தெரிஞ்சா அவ என்ன எழுதறா, என்ன நெனக்கறான்னு எல்லாம் தெரிஞ்சுடும்ல? படிக்க ஆரம்பிச்சுட்டேன்.

யாருகிட்டயா? அவ அட்டைகிட்டதான். அவ குளிக்கப் போனா அஞ்சு அட்டை, மளிகைக் கடைக்குப் போனா பத்து அட்டை. கண்ணாடி வெட்டறப்போ மனசுல சொல்லிப் பாப்பேன். ஒரு தடவ அப்படிச் சொல்லிட்டே ரெண்டரை அடிக் கண்ணாடிய ஒன்றரை அடியா வெட்டிட்டேன். நீங்க சொல்லிக் குடுத்தத அவ ரொம்ப அழகா எழுதி வெச்சிருக்கா சார். மூணு எழுத்து ஒரு வீடு, அதுல பொறந்த வார்த்தைங்கல்லாம் அந்த வீட்டு ஆளுங்கன்னு. எழுத்து பொறந்த வீட்டுல கத்தாவ்னா எழுதினான், மிக்தாவ்னா கடுதாசி, க்தோவெத்னா விலாசம். வேல பொறந்த வீட்டுல அவோதா வேல, ஓவேத் வேலை செய்யறவன், எவெத் அடிம. இந்த மூணும் ஒரே கூரைக்குக் கீழயான்னு நான் ரெண்டு நாள் யோசிச்சேன். கடையில இருவது வருஷமா அவளும் நானும் நிக்கறோம். அவ எந்த வார்த்தைய எழுதறப்போ என்ன நெனச்சிருப்பா?

என் தொழிலும் இருந்துச்சு சார். மிஸ்கெரெத், ஃபிரேம். அட, நம்மள மறக்கலயேன்னு ஒரு சந்தோஷம். அதே அட்டையில மேல பாத்தா ஸகூர், மூடியிருக்கு. மூடறதுதான் எங்க தொழிலுக்குப் பொறந்த வீடாமே. அத யார் முடிவு பண்ணினது, நீங்களா? பாஷயே அப்படியா. சரி, விடுங்க. நான் ஒரு நாளைக்கு எத்தன பேரு படத்தக் கெடாம காப்பாத்தறேன், அதுக்கு ஒரு வார்த்த கெடைக்கல பாருங்க.

இன்னொரு அட்டை. கட்டுக்கு அடியில இருந்துச்சு. ஹஷாத், சந்தேகம். ஹஷ்தான், சந்தேகப் பேர்வழி. பக்கத்துல பேனாவால சின்னதா ஒரு மூக்குக்கண்ணாடி வரஞ்சிருக்கா. ஒரு பக்கக் கம்பியில நூல் சுத்தின கண்ணாடி. இதோ பாருங்க, நான் போட்டிருக்கறது. இதுலயும் நூல்தான் சுத்தியிருக்கு.

நீங்க சிரிக்கறீங்க. பரவாயில்ல, நானும் சிரிச்சேன். அப்புறம்தான் கோவம் வந்துச்சு.

நான் அப்படித்தான் சார், என்ன பண்றது. மிச்சக் காசு குடுத்தா ரெண்டு தடவ எண்ணுவேன். டாக்டர் ஒண்ணுமில்லன்னா வேற டாக்டர்கிட்ட போவேன். பொண்ணு கல்யாணத்துல மாப்பிள்ள சிரிச்சுட்டே இருந்தான், இவன் ஏன் இவ்வளவு சிரிக்கறான்னு அவன் ஆபீசுக்கே போய் விசாரிச்சேன். அவன் சுபாவமே அதுதானாம். பொண்ணு இன்னும் என்ன மன்னிக்கல. அவளும் வேற ஊருக்குப் போயிட்டா. வீட்டுல நாங்க ரெண்டு பேருதான். அதுல ஒருத்தி இப்ப நாலு வருஷம் போறேங்கறா.

கேட்டேனே, கேக்காம இருப்பேனா. எதுக்குடி போறன்னு கேட்டேன். நீங்க கேக்கறீங்களே, இப்படிக் கேக்காத எடம் ஒண்ணு இருக்கான்னு பாத்துட்டு வரேன்னா. அதோட அவ பேச்ச முடிச்சுட்டா. பாத்திரம் கழுவப் போயிட்டா.

நோட்டையும் படிச்சேன், ஆமா. பையிலேந்து எடுத்துத்தான். நீங்க வாக்கியம் எழுதிட்டு வரச் சொல்லுவீங்க போல. பஅலி ஓஸே மிஸ்கரோத். என் புருஷன் ஃபிரேம் செய்யறாரு. அதுக்குக் கீழ, என் புருஷன் பாக்கறாரு. என் புருஷன் கேக்கறாரு. என் புருஷன் கதவைப் பூட்டறாரு. பக்கம் முழுக்க நான்தான் சார். ஒரு வரியிலயாவது என் புருஷன் பேசறாரு, என் புருஷன் சிரிக்கறாருன்னு இருக்கான்னு விரல வெச்சுத் தேடினேன். வார்த்த தெரியாம விட்டுட்டாளோன்னு அட்டைய எடுத்துப் பாத்தேன். சிரிப்புக்கு அட்டை இருக்கு. எழுதல.

அந்த பஅலிங்கற வார்த்தைக்கும் பொறந்த வீடு பாத்தேன். உடமைக்காரன், சொந்தக்காரன்னு போட்டிருக்கா.

இப்ப லெட்டர் விஷயம். பரிட்சை எழுதி, போன்ல பேசி, ரெண்டு மாசத்துல பதில் வரும்னாங்க. தெனம் பதினோரு மணிக்குத் தபால்காரர் எங்க தெருவுக்கு வருவாரு. அவ பத்தே முக்காலுக்கே கண்ணாடி தொடைக்கறேன்னு துணியோட வாசலுக்குப் போயிடுவா. எங்க கடைக் கண்ணாடி அப்படி என்னிக்குமே பளபளன்னு இருந்ததில்ல. அவரு கையக் காட்டி இல்லன்னு சொல்லிட்டுப் போவாரு. இவ அந்தத் துணிய மடிச்சு உள்ள வெப்பா. இது மாதிரி அம்பது நாள், அறுவது நாள்.

போன வாரம் நிறுத்திட்டா. அட்டையெல்லாம் கட்டி பீரோ மேல போட்டுட்டா. எனக்குத் தகுதி இல்ல போலிருக்குன்னு ஒரே ஒரு தடவ சொன்னா, அதுவும் என்னப் பாத்து இல்ல, அடுப்பப் பாத்து. ஃபோன் பண்ணிக் கேளுங்கன்னு நீங்க சொன்னீங்களாமே? மாட்டேன்னுட்டா இல்ல? அவ அப்படித்தான். கூப்பிடாத வீட்டு வாசல்ல போய் நிக்க மாட்டா.

இங்க வந்து அழுதாளாமே? தங்கச்சிதான் சொன்னா, உங்க கீழ் வீட்டம்மா துணி தைக்க வந்தப்போ சொன்னாங்களாம். எவ்வளவு நேரம் அழுதா? இல்ல, எனக்குத் தெரியணும். வீட்டுல அவ அழல சார். அவ அப்பா போனப்போகூட பாத்ரூம்ல தண்ணியத் தொறந்து விட்டுட்டுத்தான் அழுதா. உங்க முன்னாடி, இந்த நாற்காலியில ஒக்காந்து அழுதிருக்கா. நீங்க என்ன பண்ணினீங்க? ஒண்ணும் பண்ணலயா? ஜன்னல் பக்கம் திரும்பி ஒக்காந்துட்டீங்களா?

அது போதுமே சார். எனக்கு அது கூடத் தோணியிருக்காது. ஏன் அழற, எதுக்கு அழற, யாரு என்ன சொன்னாங்கன்னு நோண்டியிருப்பேன்.

மணி என்ன ஆகுது? நாலு அம்பதா. சீக்கிரம் வந்துடுவா, இல்ல? நிறுத்திட்டேன்னவள இன்னிக்கு ஒரு தடவ வாங்கன்னு நீங்கதான் சொன்னீங்களாமே.

நான் சுத்தி வளைக்கறேன்னு நெனக்கறீங்க. ஆமா, சுத்தி வளைக்கறேன். உங்க மேல சந்தேகப்பட்டது நெஜம்தான், ஆனா இன்னிக்கு நான் வந்தது அதுக்கு இல்ல. அதோ அந்த செவுத்துல மாட்டியிருக்கீங்களே, இருவத்திரெண்டு எழுத்து போட்ட சார்ட்டு, அதக் கொஞ்சம் எறக்கித் தர்றீங்களா?

நான் போட்ட ஃபிரேம்தான், தெரியும். எப்படி மறப்பேன். அதுலதான எல்லாம் ஆரம்பிச்சுது. நீங்க குடுத்தப்போ எது மேல, எது கீழன்னே எனக்குப் புரியல. கொக்கிய அடிப்பக்கம் அடிச்சுட்டேன். நீங்க வந்து தூக்கிப் பிடிச்சா அத்தன எழுத்தும் தலைகீழா தொங்குது. நீங்க சிரிச்சீங்க, அவளும் சிரிச்சா. கடையில அவ அப்படிச் சிரிச்சு நான் கேட்டு வருஷக்கணக்காச்சு. எது மேலன்னு நீங்க அவளுக்கு வெரல வெச்சுக் காட்டினீங்க, அன்னிக்கே அவ அஞ்சு எழுத்து கத்துக்கிட்டா, எனக்கு அதெல்லாம் வெறும் கோடாத்தான் தெரிஞ்சுது, அட்டையப் பாத்தப்போகூட ஞாபகம் வரல. கொக்கிய மாத்தி வெய்ங்க, அப்புறம் எடுத்துக்கறேன்னு போனீங்க. நான் வேணும்னே மாத்தாம மாசக்கணக்கா அலமாரி ஓரத்துல போட்டு வெச்சிருந்தேன். என்னவோ, அத உங்ககிட்ட குடுக்கவே மனசு வரல.

அப்புறம் ஒரு நாள் எடுத்தேன். மேசையில குப்புறப் போட்டு, பின்னட்டையக் கழட்டி, கொக்கியப் பிடுங்கிட்டிருக்கேன். தபால்காரர் வந்தாரு, எப்பவும் வர்றவரு இல்ல, லீவுக்கு மாத்தி வந்த ஆளு. அன்னிக்குப் பாத்து அவ உள்ள சோறு வடிச்சுட்டிருந்தா. வெளிநாட்டு ஸ்டாம்பு.

ஆமா சார். வந்துச்சு. மூணு வாரம் ஆகுது.

பிரிச்சேன். ஃபிரேம் கத்தியாலதான், மடிப்பு கூடக் கலையல. முழுக்க முழுக்க அந்த எழுத்து. நான் படிப்பேன்னு எனக்கே நம்பிக்க இல்ல. ரெண்டாவது வரியில ஒரு நீள வார்த்த. அது எந்த அட்டையிலயும் கெடையாது. முன்னாடி ரெண்டு எழுத்து, பின்னாடி ஒரு எழுத்து, அத வெரலால மறச்சேன். நடுவுல மூணு நிக்குது. அந்த வீட்ட எனக்குத் தெரியும். கபாலா, ரசீது. மெகபேல், வாங்கிக்கறான். அப்ப இதுன்னு யோசிச்சேன். சேத்துக்கிட்டாங்க. உன்ன சேத்துக்கிட்டாங்க. சத்தியமா சொல்றேன் சார், ஒரு நிமிஷம் எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு. யாரும் சொல்லிக் குடுக்காத வார்த்தைய நானா படிச்சுட்டேனேன்னு அவள சத்தம் போட்டுக் கூப்பிட வாயத் தொறந்துட்டேன். அப்புறம்தான் நான் என்ன படிச்சேன்னு மண்டையில ஏறுச்சு.

கரண்டி வெக்கற சத்தம் கேட்டுச்சு, அவ வர்றா. நான் யோசிக்கல சார், கைதான் செஞ்சுது. சார்ட்டுக்குப் பின்னாடி லெட்டர வெச்சேன், மேல பின்னட்டை, சுத்தி ஆணி, பிரவுன் டேப்பு. அவ வந்து நின்னப்போ டேப்ப நீவிட்டிருந்தேன். என்ன, சாரோட சார்ட்டா, இப்பவாவது முடிச்சீங்களேன்னு கேட்டா. ஆமான்னேன். தெனம் அத எடுத்துப் பிரிச்சுக் குடுத்துடணும்னு நெனப்பேன், தெனம் அலமாரி முன்னாடி நின்னுட்டு வருவேன். போன வியாழக்கெழம சலூன்ல கண்ணாடி மாட்டப் போயிருந்தேன். திரும்பி வந்து பாத்தா அந்த எடம் காலி. சாரோடது ரொம்ப நாளா கெடக்கே, கடைசியா ஒரு தடவ பாத்துச் சொல்லிட்டு வரேன்னு எடுத்துட்டுப் போயிருக்கா. அந்த லெட்டர அவளே கக்கத்துல இடுக்கிட்டு இந்த மூணு மாடியும் ஏறியிருக்கா சார். ஏறி வந்து, லெட்டர் வரலன்னு உங்க முன்னாடி அழுதிருக்கா.

பதில் சொல்ல எந்தத் தேதி வரைக்கும் டைமா? அத்-னா வரைக்கும், அது அட்டையில இருந்துச்சு. அதுக்குப் பக்கத்துல நம்பர். நாளைக்கு சார். நாளைக்குள்ள பதில் சொல்லணும்.

மெதுவா, மெதுவா எறக்குங்க, கண்ணாடி இருக்கு. குடுங்க இப்படி. கத்தி கொண்டு வந்திருக்கேன். பயப்படாதீங்க, இது டேப்பு கிழிக்கற கத்தி. இதோ, இருக்கு. கசங்கல.

ஒரே ஒரு உதவி. விலாசம் மாறி உங்க வீட்டுக்கு வந்துடுச்சுன்னு நீங்களே குடுத்துடறீங்களா? நான் பின்பக்கப் படியில எறங்கிப் போயிடறேன். அவளுக்கு என்ன தெரியப் போகுது?

மாட்டீங்களா.

சரி. அதுவும் நியாயம்தான். நீங்க சொல்லியிருந்தாலும் அப்புறம் நானே உங்க மேல சந்தேகப்பட்டிருப்பேன், அவகிட்டயே பொய் சொல்றவன் வேற என்னல்லாம் சொல்லியிருப்பானோன்னு. அவதான் வர்றா, கேக்குதா? ரெண்டாவது மாடியில நின்னு மூச்சு வாங்குவா, எப்பவும் அப்படித்தான். அதுக்குள்ள ஒண்ணு சொல்லுங்க சார். தப்பு பண்ணிட்டேன், மன்னிச்சுக்கன்னு சொல்றதுக்கு அந்த பாஷையில என்ன வார்த்த? அட்டையில இல்ல, தேடிப் பாத்துட்டேன். தமிழ்ல எனக்கு வாய் வராது. கல்யாணமாகி இத்தன வருஷத்துல ஒரு தடவ கூட சொன்னதில்ல.